ஹொல்லோங்காபார் காட்டைப் பிளக்கும் ரயில் பாதை குறித்து ஒரு திறந்த மடல்

வடகிழக்கு எல்லைப்புற ரயில்வேயின் பொது மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். அசாமின் ஜோர்ஹாட் மாவட்டத்தில், ஏறத்தாழ 21 சதுர கிலோமீட்டர் பரப்பே கொண்ட ஹொல்லோங்காபார் கிப்பன் சரணாலயத்தின் ஊடாகச் செல்லும் ரயில் பாதையை முன்னிட்டு இம்மடலை எழுதுகிறேன். காட்டுக்குள் அப்பாதையின் நீளம் இரண்டு கிலோமீட்டருக்கும் குறைவு. ரயிலில் செல்பவருக்கு அது சில நிமிடப் பயணம்.

ஹூலக் கிப்பனுக்கோ அது கடக்க முடியாத இடைவெளி. இந்தியாவில் இயற்கையாக வாழும் ஒரே வாலில்லாக் குரங்கினமான இது, நீண்ட கைகளால் கிளைக்குக் கிளை ஊசலாடியே வாழ்நாளைக் கழிக்கிறது. தரையில் இறங்கினால் நாய்களுக்கும் சிறுத்தைக்கும் எளிதில் இரையாகிவிடும். ஆகவே மரமுகடுகள் தொடாத இடத்தில் அதன் உலகம் முடிந்துவிடுகிறது. பாதையின் ஒருபுறம் துண்டாகிக் கிடக்கும் சுமார் 150 ஹெக்டேர் காட்டில் உள்ள குடும்பங்களின் நிலையை எண்ணிப் பாருங்கள். தாய், தந்தை, குட்டிகள் என்று சிறு குடும்பமாக வாழும் இவ்வினத்தில், பருவமடைந்த இளங்கிப்பன் பெற்றோரைப் பிரிந்து துணை தேடிச் செல்ல வேண்டும். பாதையைக் கடக்க வழியில்லாதபோது, சுற்றிலும் தேயிலைத் தோட்டங்களே இருக்கும்போது, அது எங்கே போகும்? உறவுக்குள்ளேயே இனம் பெருகி நலிவடைவதற்கு இதைவிட நேரான வழி கிடையாது. இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒரு குட்டி மட்டுமே ஈனும் உயிரினம், இழப்பை விரைவில் ஈடுசெய்யவும் இயலாது.

இந்நிலையில்தான் பாதையை மின்மயமாக்குவதும் இரட்டிப்பதும் பற்றிய திட்டங்கள் என்னைக் கலங்கச் செய்கின்றன. இடைவெளி அகலும், அதோடு, கிளை என்று நம்பிக் கை நீட்டும் உயரத்தில் 25,000 வோல்ட் மின்கம்பி ஓடும்.

பாதைக்கு மேலே கயிற்றுப் பாலங்கள் அமைக்கும் யோசனையை மனமார வரவேற்கிறேன். எனினும், முன்பு அங்கே எழுப்பிய இரும்புப் பாலத்தைக் கிப்பன்கள் நாடவில்லை என்பதை மறக்கலாகாது. பாலம் கட்டி முடித்த நாளை அல்ல, ஒரு கிப்பன் குடும்பம் தானாகவே அதைக் கடந்த நாளைத்தான் பணி நிறைவேறிய நாளாகக் கொள்ள வேண்டும். அதுவரை அப்பகுதியில் மின்கம்பிக்கு மின்னூட்டம் தராமலும், ரயில்களின் வேகத்தைக் குறைத்தும் உதவுங்கள். பாதையின் இரு ஓரங்களிலும் ஹொல்லோங், நாஹர் முதலிய அக்காட்டுக்கே உரிய மரங்களை வனத்துறையோடு சேர்ந்து வளர்த்தால், பல ஆண்டுகள் ஆனாலும் கிளைகளே பாலமாகிவிடும்.

இவை யாவும் இடைக்கால ஏற்பாடுகள் என்றே கருதுகிறேன். இரண்டாம் பாதை தேவையெனில், இரு பாதைகளையுமே சரணாலயத்துக்கு வெளியே திருப்புவதற்கான ஆய்வை மேற்கொண்டு, அதன் முடிவையும் செலவுக் கணக்கையும் மக்கள் பார்வைக்கு வைக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
காட்டுயிர் ஆர்வலர் ஒருவர்