விலையைப் பார்க்கலாம், பேசி வைக்கக் கூடாது

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் கிடைத்தது. பேத்திக்குப் பல் முளைத்துவிட்டது என்று படித்ததும் வீட்டில் எல்லோருக்கும் ஒரே சந்தோஷம். இங்கே நாங்கள் நலம். கோர்ட்டுக்கு முன்போல் தினமும் போவதில்லை, ஜூனியர்கள் பார்த்துக்கொள்கிறார்கள்.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். மற்ற கிரைண்டர் கடைக்காரர்கள் இணையத்தில் போடும் விலையைத் தானாகவே எடுத்துத் தரும் புரோகிராம் ஒன்றை உன் மகன் எழுதியிருக்கிறான், அது சட்டப்படி தப்பா என்று கேட்டிருந்தாய். எல்லோரும் பார்க்கும்படி போட்டிருக்கும் விலையை அளவோடு பார்ப்பதில் எனக்குத் தப்பு தெரியவில்லை. விலை வெறும் தகவல், அதற்குப் பதிப்புரிமை கிடையாது. அவர்கள் எடுத்த படங்களுக்கும் எழுதிய விளக்கத்துக்கும் உண்டு, அவற்றைத் தொட வேண்டாம். லாகின் செய்து உள்ளே போயும் எடுக்க வேண்டாம். அனுமதியில்லாமல் தரவை எடுத்தாலோ, தளம் திணறும்படி செய்தாலோ நஷ்டஈடு கேட்க, 2000-ஆம் ஆண்டு தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43-ஆவது பிரிவு இடம் தருகிறது. அமெரிக்காவில் ஹைக்யூ என்ற கம்பெனி லிங்க்ட்இன் என்ற வேலைத் தொடர்புத் தளத்தின் பக்கங்களிலிருந்து தகவல் எடுத்த வழக்கில், பொதுவில் கிடப்பதைப் படிப்பது திருட்டுத்தனமாக நுழைவதாகாது என்ற பக்கமே மேல்முறையீட்டு நீதிமன்றம் 2022-இல் சாய்ந்தது. ஆனாலும் தளத்தின் நிபந்தனையை மீறியதற்காக அந்தக் கம்பெனி அதே ஆண்டு 5 லட்சம் டாலருக்குத் தீர்ப்பை ஏற்க வேண்டியதாயிற்று.

எனக்குக் கவலை தருவது உன் கடிதத்தின் கடைசிப் பத்திதான். பீளமேட்டு வியாபாரி, "நாம ரெண்டு பேரும் ஒருத்தருக்குக் கீழ ஒருத்தர் விலை போட வேண்டாம், உங்க பையன் புரோகிராமே பார்த்துக்கட்டும்" என்று வாட்ஸ்அப்பில் கேட்டாராமே. வேண்டவே வேண்டாம், முருகேசா.

இங்கிலாந்தில் ட்ராட், ஜிபி ஐ என்று இரண்டு கம்பெனிகள் அமேசானில் போஸ்டர் விற்றுக்கொண்டிருந்தன. வெளியார் யாரும் குறைத்து விற்காத வரை ஒருவர் விலைக்குக் கீழே மற்றவர் போக வேண்டாம் என்று 2011-இல் பேசிவைத்தார்கள். அப்புறம் விலை மாற்றும் மென்பொருளையும் அதற்கேற்ப அமைத்துக்கொண்டார்கள். 2016-இல் ட்ராடுக்கு 1,63,371 பவுண்டு அபராதம். அதன் நிர்வாக இயக்குநர் 5 ஆண்டுகளுக்கு எந்த பிரிட்டிஷ் கம்பெனியிலும் இயக்குநராக இருக்கக் கூடாது என்றும் ஆனது. ஜிபி ஐ தானே போய் உண்மையைச் சொன்னதால் அபராதத்திலிருந்து தப்பியது. விற்றது சுவரில் மாட்டும் படம்தான், பெரிய சரக்கு ஒன்றும் இல்லை.

நம் ஊரிலும் 2002-ஆம் ஆண்டு போட்டிச் சட்டம் இதையேதான் தடுக்கிறது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும் என்பதில்லை, வாய்ப்பேச்சில் வந்த புரிதலே போதும். கூட்டுச்சதி என்று முடிவானால், அது நடந்த ஒவ்வோர் ஆண்டின் லாபத்தைப்போல் மூன்று மடங்கு அல்லது விற்றுமுதலில் 10 சதவீதம், இதில் எது அதிகமோ அதுவரை அபராதம் போகலாம். 2023 திருத்தத்துக்குப் பிறகு, நடுவில் நின்று உதவுகிறவர்களும் மாட்டுவார்கள். பையன் அந்தப் புரோகிராமை நாலு கடைக்கு விற்க நினைத்தால் இதையும் சொல்லிவை.

சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். கிரைண்டர் வாங்க வருகிறவர்கள், இவர்களுக்குள் போட்டி இருக்கிறது என்று நம்பித்தான் நாலு இடம் விலை கேட்கிறார்கள். முப்பது வருஷமாக உன் கடைமேல் இருக்கும் அந்த நம்பிக்கையை நீயே கெடுத்துவிடாதே.

அவருக்கு, "என் விலையை நானே முடிவு செய்துகொள்கிறேன்" என்று இன்றைக்கே பதில் போடு. பழைய செய்திகளை அழிக்காதே, அப்படியே எனக்கு அனுப்பு. தை பிறந்ததும் கோவை வருகிறேன், பையனோடு உட்கார்ந்து மீதியைப் பேசலாம். தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
ராமு