அளவுகோலை வாசலில் வையுங்கள்

பூங்கா நிர்வாகத்தினருக்கு,

வணக்கம். போன மாதம் ஒரு சனிக்கிழமை அக்காவின் பிள்ளைகள் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு வெள்ளவத்தையிலிருந்து உங்களிடம் வந்திருந்தேன். பெயர் போட்டு எழுதவில்லை, மானத்தை வாங்குவது நோக்கமில்லை. ரோலர் கோஸ்டர் வைத்திருக்கிற பூங்கா இந்த நாட்டில் விரல்விட்டு எண்ணுகிற அளவுதான், வாசிக்கிறபோது "இது எங்களைத்தானோ" என்று எல்லோருக்கும் தோன்றினால் நல்லதே.

மருமகனுக்கு பதின்மூன்று வயது, மருமகளுக்கு எட்டு. வாசலில் டிக்கட் கொடுக்கிறவர் இரண்டு பேரின் வயதையும் கேட்டார், காசை எண்ணி வாங்கினார், கையில் பட்டியைக் கட்டிவிட்டார். உயரத்தை யாரும் கேட்கவில்லை. சரி என்று உள்ளே போய், சின்னப் பிள்ளைகளுக்கான குட்டிக் கோஸ்டரில் இரண்டு தரம் சுற்றிவிட்டு (அதில் எனக்கு முழங்கால் நெஞ்சில் இடித்தது, அது வேறு கதை), பெரிய கோஸ்டரின் வரிசையில் நின்றோம். ஐம்பது நிமிடம். வெயில். நிழலுக்கு ஒரு தகரக் கூரைகூட இல்லை. அத்தனையும் நின்று, இரும்புப் படியெல்லாம் ஏறி, அடுத்த ரயில் எங்களுடையது என்கிற நேரத்தில்தான் அங்கே நின்ற பெடியன் ஒரு கம்பைக் கொண்டுவந்து மருமகளின் பக்கத்தில் பிடித்தான். 120 சென்டிமீட்டர் வேண்டும், இவள் 118. முட்டுக்காலில் இருந்து அவளுடைய முகத்தைப் பார்த்துச் சிங்களத்தில் மெதுவாகச் சொன்னான். அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

அந்தப் பெடியனோடு நான் சண்டை போடவில்லை, போடவும் கூடாது. பின்னால் நின்ற ஒருவர் "சப்பாத்துக்குள்ள டிஷூவை மடிச்சு வையுங்கோ, ரெண்டு சென்டிமீட்டர்தானே" என்று யோசனை சொன்னார். அப்படிச் செய்கிற பெற்றோருக்கு இந்த இடத்தில் ஒன்று சொல்லிவிடுகிறேன். மேட்டின் உச்சியைத் தாண்டும்போது ரயில் கீழே போகிறது, உடம்போ இன்னும் மேலே போகத்தான் பார்க்கிறது. அந்த ஒரு விநாடி ஆளை ஆசனத்தில் பிடித்து வைத்திருப்பது தொடையில் இறங்கி நிற்கிற அந்தச் சட்டம்தான். எந்த அளவு உடம்பைப் பிடிக்க அது செய்யப்பட்டதோ அந்த அளவு உடம்பு உள்ளே இருக்க வேண்டும். டிஷூ உயரத்தைக் கூட்டும், தொடையைக் கூட்டாது. ஆகவே அந்தப் பெடியன் தன் வேலையைச் சரியாகச் செய்தான், முடிந்தால் அவனுக்குச் சம்பளத்தைக் கூட்டிக் கொடுங்கள்.

என் கேள்வி உங்களுக்கு. அந்தக் கம்பு ஏன் மேல்படியில் இருக்கிறது? டிக்கட் கௌண்டருக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு கோடு கீறி, "இதற்குக் கீழே என்றால் இன்ன இன்னதில் ஏற முடியாது" என்று எழுத எவ்வளவு பெயின்ட் போகும்? தெரிந்திருந்தாலும் நாங்கள் உள்ளே வந்திருப்போம், தண்ணீர்ச் சறுக்கு இருக்கிறது, குட்டிக் கோஸ்டர் இருக்கிறது. ஆனால் ஒரு பிள்ளையை ஐம்பது நிமிடம் ஆசை காட்டி வெயிலில் நிறுத்தியிருக்க மாட்டேன்.

அடுத்தது பலகை. வரிசை தொடங்குகிற இடத்தில் யார் யார் ஏறக்கூடாது என்ற பெரிய அறிவித்தல் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் இருக்கிறது. தமிழில் இல்லை. "குப்பை போடாதீர்கள்" மட்டும் மூன்று மொழியிலும் இருக்கிறது! நாங்கள் குப்பை போடுவோம், ஆனால் எங்களுக்கு இருதயம் இல்லை என்று நினைத்தீர்களோ தெரியாது. 1987இல் 13ஆவது திருத்தத்தோடு தமிழும் அரசகரும மொழி ஆனது, அது அரசாங்க அலுவல்களுக்கான விஷயம், அதைப் பிடித்துக்கொண்டு உங்களோடு சட்டம் கதைக்க வரவில்லை. நடந்ததைச் சொல்கிறேன். எங்களுக்கு முன்னால் மட்டக்களப்பிலிருந்து இரவிரவாக வான் பிடித்து வந்த ஒரு குடும்பம் நின்றது. அதில் ஐயா ஒருவர், அறுபது வயதிருக்கும், "தம்பி, அதில என்ன எழுதியிருக்கு?" என்று கேட்டார். நான் வாசித்துச் சொன்னேன்: கர்ப்பிணிகள், கழுத்து முதுகு வருத்தம் உள்ளவர்கள், இருதய நோயாளர்கள். அவர் சிரித்தார். இரண்டு வருடத்துக்கு முதல் அவருக்கு ஸ்டென்ட் வைத்ததாம். "அப்ப நான் பைகளைப் பார்த்துக்கொண்டு நிக்கிறன்" என்று வரிசையை விட்டு இறங்கிவிட்டார். நான் சிங்களமோ ஆங்கிலமோ வாசிக்கத் தெரியாதவனாக இருந்திருந்தால்?

தண்ணீர்ச் சறுக்கின் பக்கம் ஒரு தமிழ்ப் பலகை இருக்கிறது, மறைக்கவில்லை. அதில் "முதுகு வழி உள்ளவர்கள்" என்று இருக்கிறது. முதுகு வழியாக எங்கே போவது என்று மருமகன் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறான்.

பின்னேரம் மழை. இடி முழங்கியதும் கோஸ்டரை நிறுத்தினீர்கள். நல்லது, அதில் முறைப்பாடு இல்லை. மின்னலுக்குக் கீழே உயரமான இரும்பில் யாரும் உட்கார வேண்டியதில்லை. ஆனால் எப்போது திரும்ப ஓடும், ஓடுமா ஓடாதா என்று ஒரு வார்த்தை ஒலிபெருக்கியில் சொல்லியிருக்கலாம். பாட்டு மட்டும் போய்க்கொண்டிருந்தது.

மழை விட்டதும் மருமகளைத் தெரிந்த ஒரு குடும்பத்தோடு இருத்திவிட்டு நானும் மருமகனும் ஏறினோம். அவனுக்கு முன் ஆசனம்தான் வேண்டும், நான் விடவில்லை, கடைசிக்கு இழுத்துக்கொண்டு போனேன். முன்பெட்டி உச்சியைத் தாண்டும்போது பின்பெட்டிகளின் பாரம் அதைப் பிடித்து வைத்திருக்கும், எட்டிப் பார்த்துக்கொண்டு மெல்ல இறங்கலாம். கடைசிப் பெட்டி உச்சிக்கு வரும்போதோ ரயிலில் பெரும்பகுதி ஏற்கனவே கீழே விழுந்துகொண்டிருக்கும், அது எங்களை அப்படியே சுண்டி எடுக்கும். வயிறு வெள்ளவத்தையில், உடம்பு உங்களிடம். ஏறும்போது கேட்ட டக்-டக்-டக் சத்தத்துக்கு அவன் பயந்துபோய் "மாமா, சங்கிலி அறுகிறதா?" என்றான். அது பயப்பட வேண்டிய சத்தமே இல்லை. சங்கிலிக்கு ஏதாவது ஆனாலும் ரயில் பின்னோக்கி உருளாமல் பிடிக்கிற இரும்புப் பல் ஒவ்வொரு படியாக விழுகிற சத்தம் அது. அது கேட்கிற வரைக்கும் நிம்மதியாக இருக்கலாம் என்றேன். நம்பினானோ தெரியாது, என் கையை விடவில்லை.

இதையெல்லாம் அந்த ஐம்பது நிமிட வரிசையின் ஓரத்தில் படம் கீறி எழுதி வைத்தால் என்ன? 1884இல் நியூயோர்க்கின் கோனி ஐலண்டில் தொம்சன் என்பவர் ஐந்து சதத்துக்கு ஓடவிட்ட முதல் வண்டி மணிக்குப் பத்துக் கிலோமீட்டர் அளவில்தான் போனது என்பதை எழுதலாம். சில்லுகள் தண்டவாளத்துக்கு மேலே மட்டும் இல்லை, அடியிலும் பிடித்துக்கொண்டு ஓடுகின்றன, 1919இல் ஜோன் மில்லர் அதற்குக் காப்புரிமை எடுத்த பிறகுதான் மேடுகளை இவ்வளவு செங்குத்தாகக் கட்டத் துணிந்தார்கள் என்பதை எழுதலாம். இப்போது அந்தச் சுவரில் இருப்பது குளிர்பான விளம்பரம், அதே விளம்பரம், பதினொரு தரம். எண்ணினேன், வேறு வேலை இருக்கவில்லை.

தமிழ்ப் பலகைக்கு எழுத ஆள் இல்லை என்றால் நான் எழுதித் தருகிறேன், பிழை திருத்தியும் தருகிறேன். காசு வேண்டாம். சித்திரை விடுமுறைக்கு மூன்று டிக்கட் தந்தால் போதும். கதவு நிலையில் பென்சிலால் 120 என்று கோடு போட்டு வைத்து, மருமகள் காலையில் ஒரு தரம், பள்ளிக்கூடம் விட்டு வந்து ஒரு தரம் அளந்துகொண்டிருக்கிறாள்.

இப்படிக்கு,
கடைசிப் பெட்டியில் இருந்த மாமா
வெள்ளவத்தை, கொழும்பு