அப்பா மறுபடி எழுத்துக் கூட்டுகிறார்

அன்புள்ள சேகர்,

பேத்தி பிறந்த செய்தி கேட்டு வீட்டில் எல்லாருக்கும் ஏக சந்தோஷம். உடனே பதில் போட முடியவில்லை, அப்பாவுக்கு உடம்பு சரியில்லை.

ஆடி பிறந்ததும் பக்கவாதம் வந்தது. கை கால் தப்பியது, பேச்சும் குழறவில்லை. வலது பக்கப் பார்வை மட்டும் போயிற்று. நாலாம் நாள் பேப்பரைக் கையில் எடுத்தவர், "கண்ணாடியைத் துடைத்துக் கொடு" என்றார். துடைத்துக் கொடுத்தும் ஒரு வரிகூடப் படிக்க முடியவில்லை. எழுதச் சொன்னால் அதே முத்து முத்தான கையெழுத்தில் தன் பெயர், ஊர் எல்லாம் எழுதுகிறார். கொஞ்ச நேரம் கழித்து அந்தத் தாளையே காட்டினேன். "இது யார் எழுதினது?" என்றார். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

அன்றிலிருந்து இதைப் பற்றியே தேடித் தேடிப் படிக்கிறேன். 1887இல் பாரிஸில் ஒரு துணி வியாபாரிக்கு அச்சு அசலாக இப்படித்தான் ஆகியிருக்கிறது. எழுதுவார், படிக்க மாட்டார். எண்கள் மட்டும் தெரியும். (அப்பாவும் காலண்டரில் தேதியைச் சரியாகச் சொல்கிறார்!) அவரைக் கவனித்து வந்த டெஜரின் என்ற நரம்பியல் மருத்துவர், 1892இல் அவர் இறந்தபின் மூளையைப் பரிசோதித்தார். இடது பின்மூளையிலும், இரு பாதிகளையும் இணைக்கும் நரம்புக் கற்றையின் பின்முனையிலும் சேதம். மூளையின் வலது பாதி பார்த்த எழுத்து, இடப்பக்கம் மொழி இருக்கும் இடத்துக்குப் போய்ச் சேர வழியில்லை. மொழிக்கு ஒன்றும் ஆகவில்லை, பாதைதான் அறுந்திருக்கிறது.

பேச்சு குழந்தைக்குத் தானாக வந்துவிடுகிறது. எழுத்து வந்து ஐயாயிரம் வருஷம்தான் இருக்கும். மூளையில் அதற்கென்று பிறவியிலேயே இடம் கிடையாது. முகங்களையும் பொருள்களையும் அடையாளம் காணும் பகுதியில் ஓர் ஓரத்தை, படித்துப் படித்துத்தான் எழுத்துக்குப் பழக்குகிறோம்.

அந்த வியாபாரி எழுத்தின் மேல் விரலை ஓட்டினால் கண்டுபிடித்துவிடுவாராம். கண் வழி அடைபட்டாலும் கை வழி திறந்தே இருந்தது. அதைப் படித்ததும் தாம்பாளத்தில் அரிசியைப் பரப்பி, அப்பாவின் ஆள்காட்டி விரலைப் பிடித்து எழுத வைத்தேன். எனக்கு அவர் ஆனா ஆவன்னா சொல்லிக் கொடுத்ததும் இப்படித்தானே. விரல் சுழித்து முடிந்ததும் "மானா" என்றார். நேற்று "மழை" என்று முழுசாகக் கூட்டிவிட்டார், அதற்கே கால் மணி நேரம் ஆயிற்று.

அடுத்த கடிதத்தில் அப்பாவுக்கென்று தனியாக இரண்டு வரி எழுது. விரல் ஓட்டுகிற மாதிரி பெரிய எழுத்தாக இருக்கட்டும். பேத்தியின் பெயரையும் அதிலேயே எழுதிவிடு, அவரே எங்களுக்குப் படித்துச் சொல்லட்டும்.

அன்புடன்,
முருகேசன்