அந்த 7 நிமிடங்கள்: அக்காவுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள அக்கா,

நேற்று மார்ச் 19. பொரளைக் கனத்தை மயானத்துக்குப் போய் அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கின் கல்லறைக்கு முன்னால் சிறிது நேரம் நின்றுவிட்டு வந்தேன். 2008இல் அவர் மறைந்த செய்தி வந்தபோது, நீங்கள் ரொறன்ரோவிலிருந்து அழைத்து, உங்களுக்காக ஒருமுறை அங்கே போய்வரும்படி கேட்டீர்கள். சரி என்று சொன்னேனே தவிர, இத்தனை ஆண்டுகளாகப் போகவில்லை. சமயச் சடங்கு எதுவும் வேண்டாமென்று அவர் எழுதிவைத்திருந்தபடியே அவரை அடக்கம் செய்த இடம் அது. தான் ஒருபோதும் பெரியவனாகவில்லை, ஆனாலும் வளர்வதை நிறுத்தவில்லை என்று அவர் விரும்பிய வாசகம் கல்லில் பொறிக்கப்பட்டிருக்கிறது. அதை வாசித்துக்கொண்டு நின்றபோதுதான் இந்தக் கடிதத்தை இனியும் தள்ளிப்போடக் கூடாது என்று முடிவெடுத்தேன்.

கிளார்க்கோடு சேர்ந்து எழுதி, குப்ரிக் இயக்கிய '2001: ஏ ஸ்பேஸ் ஒடிசி' படத்தை நான் எத்தனை முறை பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை. ஆனால் எந்த முறை பார்த்தாலும் 1987ஆம் ஆண்டின் அந்த மாலைக்குத்தான் போய்ச் சேர்கிறேன். வெள்ளவத்தைக் கடையில் நீங்கள் வாடகைக்கு எடுத்துவந்த கசெற், அப்பா கடன் வாங்கிவந்த வீடியோ டெக், முன்னறையில் நாம் நால்வர். தலைக்கவசம் இல்லாமல் சிறுகலத்தில் அகப்பட்டுக்கொண்ட விண்வெளி வீரன் போமன், அதன் கதவை வெடிக்கவைத்து, தாய்க்கப்பலின் வாயிலறைக்குள் தூக்கி எறியப்படுகிறான். வெற்றிடத்தில் ஓசை பரவாது என்பதால் குப்ரிக் அந்த இடத்தில் ஒலியை அடியோடு நிறுத்திவிட்டார். அப்பாவோ டெக் பழுதாகிவிட்டதென்று நினைத்து, எழுந்துபோய் ஒலியை முழு அளவுக்குத் திருகினார். அதே நேரத்தில் போமன் நெம்புகோலை இழுக்க, கதவு மூடிக்கொண்டு, காற்று பேரிரைச்சலோடு உள்ளே பாய்ந்தது.

அந்த ஆண்டில், கொழும்பில், நம்முடையதைப் போன்றதொரு வீட்டுக்குள் அப்படியோர் ஓசை எழுந்தபோது அம்மா என்ன செய்தார் என்பது உங்களுக்கும் எனக்கும் தெரியும். இதைப் பலரும் வாசிப்பார்கள் என்பதால் அதை இங்கே எழுதமாட்டேன். நீங்கள் அம்மாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, "வெளியில காத்து இல்லையம்மா, அதாலதான் சத்தம் இல்லை. காத்து வந்தவுடன சத்தமும் வந்திட்டுது, அவ்வளவுதான்" என்று திரும்பத் திரும்பச் சொன்னீர்கள். உங்கள் குரலும் நடுங்கிக்கொண்டுதான் இருந்தது. பௌதிகத்தைக் கொண்டு ஒருவரின் அச்சத்தைத் தணிக்க முடியும் என்பதை எனக்குக் காட்டியவர் நீங்கள்தான், அக்கா. அதற்கு நான் இன்றுவரை உங்களுக்கு நன்றி சொன்னதில்லை.

அன்றிரவு நாம் சண்டையிட்டது வேறொரு காட்சிக்காக. வியாழனை நோக்கிப் போகும் கப்பலில், போமனின் சகவீரன் ஃபிராங்க் பூல் கண்ணாடி அணிந்து விளக்கொளியில் படுத்திருக்கிறான். பெற்றோர் கேக்கின் முன்னால் நின்று பிறந்தநாள் பாட்டுப் பாடி அனுப்பிய பதிவு திரையில் ஓடுகிறது. அவன் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. பாட்டு முடிந்ததும் கட்டிலை இன்னும் கொஞ்சம் தாழ்த்தும்படி கப்பலை இயக்கும் கணினியான ஹல் 9000இடம் சொல்கிறான். அவன்தான் இயந்திரம், ஹல்தான் மனிதன் என்றீர்கள். அந்தப் படத்தில் இன்னொரு பிறந்தநாளும் இருக்கிறது. விண்வெளி நிலையத்திலிருந்து காணொளி அழைப்பில் பேசும் விஞ்ஞானி ஃபிலாய்ட், மகளின் விருந்துக்குத் தன்னால் வர இயலாது என்கிறார். மகளாக நடித்தவள் குப்ரிக்கின் சொந்த மகள். 2007 டிசம்பரில் கிளார்க்கும் தம் 90ஆவது பிறந்தநாளுக்கென இங்கிருந்தே ஒரு காணொளி பதிவுசெய்து, அதில் மூன்று விருப்பங்களைச் சொன்னார். மூன்றாவது, இந்த நாட்டில் அமைதி நிலைக்க வேண்டும் என்பது. அதைப் பார்த்து அழுததாக எனக்கு எழுதினீர்கள். நான் பதில் எழுதவில்லை. ஏன் எழுதவில்லை என்பதையும் இங்கே சொல்வதற்கில்லை.

பூலைப் பற்றி நீங்கள் சொன்னது தவறு என்றே இப்போதும் நினைக்கிறேன். படத்தில் வரும் பிபிசி பேட்டியில் செய்தியாளர் சொல்வது உங்களுக்கு நினைவிருக்கும்: சொற்கள் கப்பலைச் சென்றடைய 7 நிமிடங்கள் எடுத்தன, அந்தத் தாமதம் பதிவிலிருந்து நீக்கப்பட்டிருக்கிறது. பூல் சிரித்திருந்தாலும் அந்தச் சிரிப்பைப் பார்க்க அங்கே யாரும் இருந்திருக்கமாட்டார்கள். 1990இல் நீங்கள் போன பிறகு என் ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் அழைத்தீர்கள். "காசு போகும், வையுங்கோ" என்று நான் முடித்துக்கொண்டேன். நீங்கள் பாடும் வீட்டில் கேக் இருந்தது, நான் கேட்கும் வீட்டில் அம்மாவின் மருந்து வாசம் இருந்தது. குறைவில்லாமல் பணம் அனுப்பினீர்கள், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் இரவு 2 மணிக்கு அம்மாவைப் புரட்டிப் படுக்கவைத்தது உங்கள் பணம் இல்லை. நான்கு ஆண்டுகள், அக்கா.

இறுதிச் சடங்கன்று நடந்ததைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன். கைபேசியை நாற்காலியில் சாய்த்துவைத்திருந்தோம். ஐயர் காத்திருந்தார். அம்மாவுக்கு உடுத்திய சேலை சரியில்லை என்று எல்லோர் முன்னிலையிலும் நீங்கள் சொல்லத் தொடங்கினீர்கள். அங்கே நின்றவர்கள் இதை வாசிக்கக்கூடும் என்பதால் மற்றவற்றை விட்டுவிடுகிறேன். மூன்று இரவுகள் நான் தூங்கியிருக்கவில்லை. நான் போய்க் கைபேசியைக் கையில் எடுத்தேன். தொடர்பு அறுந்துவிட்டது, சிக்னல் இல்லை என்று திரும்பி நின்று சொன்னேன். எல்லோரும் நம்பினார்கள். நீங்களும் நம்பினீர்கள் என்றுதான் முதலில் நினைத்தேன்.

பூமியை நோக்கியிருக்கும் அலைவாங்கியின் பாகம் 72 மணி நேரத்தில் பழுதாகிவிடும் என்று ஹல் சொல்கிறது. கழற்றிப் பார்த்தால் அதில் ஒரு குறையும் இல்லை. அந்தக் காட்சி வரும்போதெல்லாம் இப்போது என்னால் திரையைப் பார்க்க முடிவதில்லை. இவ்வளவு காலமும் என்னைப் பூலாகவே நினைத்துக்கொண்டிருந்தேன். சிறுகலத்தில் இருந்தபடி, தான் பேசுவது கேட்கிறதா என்று போமன் மீண்டும் மீண்டும் கேட்கிறான். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தும், ஹல் நெடுநேரம் வாய் திறப்பதில்லை.

என் விரல் கைபேசியின் மேல் இருந்தபோது நீங்கள் சேலையைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டிருந்தீர்கள். "தம்பி, நான் கதைக்கிறது கேக்குதா? அம்மாவைக் கொஞ்சம் கிட்டக் காட்டு. கேக்குதா?" என்று மூன்று முறை கேட்டீர்கள்.

கேட்டது, அக்கா.

உங்கள் தம்பி