சொல் வெட்டுகிற வேலை

மல்லாவி

அன்பின் மச்சான்,

நாங்கள் சுகம். காலபோக விதைப்பு முடிந்தது, இனி மழையின் பாடு. நீ கொடுத்துவிட்ட ஓர்வெலின் '1984'ஐ இரண்டாம் தரமும் வாசித்துவிட்டேன். எல்லோரும் அந்தக் கதையில் சுவரிலிருந்து பார்க்கும் கண்ணைப் பற்றித்தான் கதைக்கிறார்கள். சென்றிக்கும் சோதனைச் சாவடிக்கும் பழகின எங்களுக்கு அது என்ன புதினம்?

என்னைப் பிடித்துக்கொண்டவன் சைம். கதையில் ஆளும் கட்சி ஆக்குகிற 'நியூஸ்பீக்' என்ற புது மொழியின் அகராதியில், 11ஆம் பதிப்பில் வேலை செய்கிறவன். கன்ரீனில் சாப்பிட்டபடியே, நாளாந்தம் எத்தனை சொற்களை அழிக்கிறோம் தெரியுமா என்று கதாநாயகன் வின்ஸ்ரனிடம் பெருமையடிக்கிறான். சொல் இல்லாவிட்டால் குற்ற நினைப்பும் வராதாம். கெட்டிக்காரன். அந்தக் கெட்டித்தனம் கூடிப்போய்த்தான் பிறகு அவனே காணாமற் போகிறான்.

இங்கே சொல் வெட்ட சைம் தேவையில்லை. போன மாதம் அக்காவின் மகன் தன் சித்தப்பாவின் நினைவு நாளுக்குப் போனில் ஒரு பதிவு எழுதினான். பக்கத்தில் இருந்து பார்த்தேன். ஒரு சொல்லை அழித்தான், இன்னொன்றின் நடுவில் புள்ளி வைத்தான், இயக்கத்தின் பெயர் வரவேண்டிய இடத்தில் மெழுகுவர்த்திப் படம் போட்டான். "எழுதினால் பதிவைத் தூக்கிப்போடுவாங்கள் மாமா" என்றான். ஏன் என்று கேட்டேன். தெரியாது. 2009க்குப் பிறகு பிறந்த பிள்ளை, செத்தவரைக் கண்டதுமில்லை. கடைசியில் மிஞ்சியது திகதியும் ஒரு கண்ணீர் வணக்கமும்தான்.

2024இல், இணையத்தில் எழுதுவதைக் கட்டுப்படுத்தும் நிகழ்நிலைக் காப்புச் சட்டம் வந்தபோது நாங்கள் சத்தம் போட்டது சரிதான். ஆனால் இந்தப் பழக்கம் அதற்கு முதலே வந்துவிட்டது. 1949இல் வந்த கதையில் இந்த வேலைக்குச் சம்பளம் கொடுத்து ஆள் வைத்திருந்தார்கள். எங்கள் பிள்ளைகள் சும்மா செய்து கொடுக்கிறார்கள்.

புள்ளி வைத்தாலும் விளங்குகிறதுதானே, அதுவும் தப்புகிற ஒரு வழிதானே என்று நீ சொல்லுவாய். எனக்கும் உனக்கும் விளங்கும், மறைத்த சொல் எங்களுக்கு முதலே தெரியும் என்பதால். இவனுக்குப் பிறகு வருகிறவனுக்கு?

சித்தப்பாவின் கதையைக் கொப்பியில் எழுதச் சொல்லியிருக்கிறேன். ஒரு பக்கம் எழுதியதும் கேள்வி கேட்கத் தொடங்கிவிட்டான். பாதிக்கு எனக்கே மறுமொழி தெரியவில்லை. நீ அவரோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவன். பள்ளிக்கூடக் காலத்தில் எப்படி இருந்தார், இயக்கத்துக்குப் போவதற்கு முதல்நாள் உன்னிடம் என்ன கதைத்தார், எல்லாவற்றையும் எழுதித் தபாலில் அனுப்பு. பெடியன் காத்துக்கொண்டிருக்கிறான்.

அன்புடன்,
உன் மச்சான்