மதிப்பெண் போடப் போகிறவனுக்கு

அன்புள்ள நண்பா,

நகராட்சிகளுக்கான காலநிலை மானியங்களைப் பரிசீலிக்கும் குழுவில் உன்னைப் போட்டிருக்கிறார்கள் என்று நெட்டையன் சொல்லித்தான் தெரிந்தது. வாழ்த்துவதா, அனுதாபப்படுவதா என்ற யோசனையிலேயே எழுதாமல் நாட்களை ஓட்டிவிட்டேன். கல்லூரியில் என் வரைபடங்களில் நீ கண்டுபிடிக்காத குறையா? அப்போது இலவசமாகச் செய்ததற்கு இப்போது படி கொடுத்து உட்கார வைத்திருக்கிறார்கள். வீட்டில் எல்லோரும் நலம். பெரியவளுக்கு வேலை கிடைத்துவிட்டது. என் மனைவி உன்னைத் திட்டி நாலு வரி எழுதச் சொன்னாள். காரணம் உனக்கே தெரியும். குடும்பச் செய்தி முடிந்தது. இனி என் ஆத்திரம்.

எங்கள் நகராட்சி அனுப்பிய காலநிலை மானிய விண்ணப்பம் பாதி வென்று பாதி தோற்றது. தெருவிளக்குகளை எல்.இ.டி.யாக மாற்றும் பகுதிக்குப் பாராட்டோடு ஒப்புதல். தாழ்வான பகுதிகளின் மழைநீர் வடிகாலும் கோடைக்கால ஏற்பாடுகளும் ‘அளவிடத்தக்க பயன் நிறுவப்படவில்லை’ என்ற ஒற்றை வரியோடு திரும்பி வந்துவிட்டன. பதறாதே, சிபாரிசு கேட்டு எழுதவில்லை. எங்கள் கோப்பு உன் மேசைக்கு வராது என்று விசாரித்துக்கொண்டுதான் பேனாவை எடுத்தேன்.

அந்தப் படிவத்தை நீ நிரப்பிப் பார்க்க வேண்டும். பதினோராம் கட்டம்: ‘ஆண்டுக்குத் தவிர்க்கப்படும் கரியமில வாயு, டன்னில்’. வடிகால் வெட்டினால் எத்தனை டன் தவிர்க்கப்படும்? பூஜ்யம் என்று போட்டேன். கட்டம் சிவப்பாகி, ‘சரியான மதிப்பை உள்ளிடவும்’ என்றது. வெறுமையாக விட்டால் அடுத்த பக்கம் திறக்கவில்லை. கடைசியில் பக்கத்து இருக்கை உதவிப் பொறியாளர், ‘0.01 போடுங்கள் சார், அது வாங்கிக்கொள்ளும்’ என்றார். வாங்கிக்கொண்டது. வெள்ளத்தில் மூழ்கும் ஒரு பகுதியின் நியாயம் அரசாங்கத்துக்குள் நுழைந்தது அந்தப் புள்ளி பூஜ்யம் ஒன்றின் முதுகில் ஏறித்தான்.

உமிழ்வுக் குறைப்புக்கு, அதாவது வெளியே விடும் கரியமில வாயுவைக் குறைக்கும் பணிக்கு, கணக்கு சுலபம். பழைய விளக்கு எத்தனை வாட், புதியது எத்தனை வாட், இரவுக்கு எத்தனை மணி நேரம், ஒரு யூனிட் மின்சாரத்துக்கு எவ்வளவு கரியமில வாயு; பெருக்கிக் கழித்தால் டன் வந்துவிடும். சுவீடனில் 2015 முதல் நடக்கும் ‘கிளிமாட்கிளீவெட்’ என்ற மானியத் திட்டத்தில், போடுகிற ஒவ்வொரு குரோனாவுக்கும் (அவர்கள் நாணயம்) எவ்வளவு உமிழ்வு குறையும் என்று பார்த்துத்தான் விண்ணப்பங்களை வரிசைப்படுத்துகிறார்கள். அதில் தவறு சொல்ல மாட்டேன். கரியமில வாயு எந்த மூலையில் குறைந்தாலும் காற்றுமண்டலத்துக்கு ஒன்றுதான். மலிவாகக் குறைப்பவனுக்கு முதலில் கொடு என்பது நேர்மையான விதி. தகவமைப்பு, அதாவது வெள்ளத்தையும் வெயிலையும் தாங்கும்படி ஊரைத் தயார் செய்வது; அந்தப் பணியின் வெற்றியோ, ஒன்றும் நடக்காமல் போவது. தண்ணீர் வரவில்லை, ஆள் சாகவில்லை. நடக்காததற்கு யாரிடம் போய் ரசீது வாங்குவது?

வாங்கிக் காட்டிய ஊரும் உண்டு. 2010 மே மாதம் அகமதாபாத்தில் வெயில் 46.8 டிகிரி செல்சியஸைத் தொட்டது. முந்தைய, பிந்தைய ஆண்டுகளின் மே மாதங்களோடு ஒப்பிட்ட ஆய்வாளர்கள், அந்த ஒரு மாதத்தில் வழக்கத்தைவிட 1,344 பேர் கூடுதலாக இறந்ததாக மதிப்பிட்டார்கள். அந்த அதிர்ச்சியில் பிறந்ததுதான் 2013இல் வந்த வெப்பச் செயல்திட்டம், தெற்காசியாவிலேயே முதலாவது. அதில் என்ன இருந்தது? முன்கூட்டியே எச்சரிக்கை, மருத்துவப் பணியாளர்களுக்குப் பயிற்சி, மக்களுக்கு விளக்கம், எந்தத் துறை எப்போது யாருக்குச் சொல்ல வேண்டும் என்ற ஒழுங்கு. பின்னர் வந்த ஓர் ஆய்வு, இதனால் ஆண்டுக்குச் சராசரியாக 1,190 மரணங்கள் தவிர்க்கப்பட்டிருக்கலாம் என்றது. இப்போது சொல், இந்தத் திட்டத்தில் நாடா வெட்டித் திறந்து வைக்க ஏதாவது இருக்கிறதா? கல்வெட்டு எங்கே பதிப்பார்கள்? எங்கள் படிவத்தில் ‘உருவாக்கப்படும் சொத்து’ என்றொரு கட்டம் இருந்தது. எச்சரிக்கைக் குறுஞ்செய்தி சொத்தாகாது.

இதை எழுதும்போது கை சற்று நடுங்குகிறது. கடந்த கோடையில் எங்கள் துப்புரவுப் பணியாளர் ஒருவர் நடுப்பகல் வேலையில் சுருண்டு விழுந்தார். எழவில்லை. சான்றிதழில் மாரடைப்பு என்று எழுதினார்கள். மருத்துவர் பொய் சொல்லவில்லை, இதயம்தான் நின்றது. வெயிலால் நேரும் சாவுகளில் பெரும்பகுதி இப்படி இதயத்தின் பெயரிலோ சிறுநீரகத்தின் பெயரிலோதான் ஏடுகளில் ஏறுகிறது. பணி நேரத்தை விடியற்காலைக்கு மாற்றவும், நிழற்கூடங்களுக்கும், குடிநீருக்கும்தான் நாங்கள் பணம் கேட்டிருந்தோம். வெப்பத்தால் இறந்தவர்கள் எத்தனை பேர் என்ற கேள்விக்கு எங்கள் ஏடு பூஜ்யம் என்கிறது. அளவிடத்தக்க பயன் நிறுவப்படவில்லைதான்.

நீ என்ன சொல்வாய் என்பதும் தெரியும். பொதுப்பணம், கணக்கு வேண்டாமா என்பாய். வேண்டும். எண் கேட்காவிட்டால் எங்கள் ஆட்கள் சுற்றுச்சுவருக்கும் காலநிலைப் பெயர் சூட்டிவிடுவார்கள். ரவுண்டானாவில் வைத்த செயற்கை நீரூற்றை ‘நகர வெப்பத் தணிப்பு’ என்று எழுதிய ஒரு கோப்பை என் கண்ணால் பார்த்தேன். (அதற்கு விளக்கு அலங்காரமும் உண்டு. அதன் மின்சாரத்தை யாரும் கணக்கில் எடுக்கவில்லை.) ஆகவே கணக்கே கூடாது என்று சொல்ல வரவில்லை. உமிழ்வுக் குறைப்புக்கும் தகவமைப்புக்கும் ஒரே தராசு வேண்டாம் என்கிறேன்.

இன்னொரு கொடுமை, இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடு என்பது. தகவமைப்பா, உமிழ்வுக் குறைப்பா, ஒன்றில்தான் டிக் அடிக்கலாம். குப்பைக் கிடங்கை எதில் சேர்ப்பாய்? மக்கும் குப்பை அடியில் புழுங்கி மீத்தேனை விடுகிறது. இருபது ஆண்டுக் கணக்கில் பார்த்தால் எடைக்கு எடை அது கரியமில வாயுவைப் போல சுமார் 80 மடங்கு சூட்டைப் பிடித்து வைக்கும். கோடையில் அதே கிடங்கு தீப்பிடித்து நாள்கணக்கில் புகைகிறது. மழையில் அங்கிருந்து அடித்து வரும் பிளாஸ்டிக்தான் வடிகாலை அடைக்கிறது. மக்கும் குப்பையைத் தனியே பிரித்துக் கிடங்குக்கே போகாமல் தடுத்தால் மீத்தேனும் குறையும், தீயும் குறையும். பழைய மேட்டைச் சீராக்கினால் வடிகாலும் பிழைக்கும். என்னைக் கேட்டால் ஒரு நகராட்சி செய்யக்கூடியவற்றில் இதற்கு இணை கிடையாது. ஆனால் நகர்மன்றத்தில் குப்பையைப் பற்றிப் பேசினால் யாரும் கைதட்டுவதில்லை. மின்சார பஸ் என்றால் எழுந்து நிற்கிறார்கள்.

சரி, யாருக்குக் கிடைக்கிறது என்பதற்கு வருகிறேன். கனடாவில் 2018இல் பேரிடர் தணிப்புக்கும் தகவமைப்புக்குமாக ஒரு நிதியம் தொடங்கினார்கள். திட்ட மதிப்பு குறைந்தது 2 கோடி டாலர் இருந்தால்தான் விண்ணப்பிக்கலாம். சின்ன ஊர் எங்கே போகும்? 2021இல் அந்த வரம்பை 10 லட்சம் டாலருக்கு இறக்கி, சிறிய திட்டங்களுக்கென்று தனியாகவும் பணம் ஒதுக்கினார்கள். எல்லா இடத்திலும் இப்படி இறங்கி வருவதில்லை. பெரிய மாநகராட்சி ஆலோசனை நிறுவனத்தை அமர்த்தி, நீரோட்ட மாதிரியும் வண்ணப்படமுமாக விரிவான திட்ட அறிக்கை கொடுக்கும். எங்களைப் போன்ற இடத்தில் குடிநீர்க் குழாய் உடைப்பைப் பார்த்துவிட்டு வந்த பொறியாளரே இரவில் உட்கார்ந்து அறிக்கை எழுத வேண்டும். அதற்கு மேல் உள்ளாட்சியின் பங்குத் தொகை. அதற்கும் மேல், முதலில் நீ செலவு செய், பிறகு ரசீது காட்டி வாங்கிக்கொள் என்ற விதி. கையில் பணம் இருப்பவனுக்கு மட்டும் கடன் தரும் வட்டிக்கடைக்காரனைப் போல இருக்கிறது.

டென்மார்க்கின் கோபன்ஹேகனைப் பற்றி நீதான் ஒருமுறை வியந்து எழுதியிருந்தாய். 2011 ஜூலை 2ஆம் தேதி இரண்டு மணி நேரத்தில் சுமார் 150 மில்லிமீட்டர் மழை கொட்டியது. மறு ஆண்டே பெருமழைத் திட்டம் போட்டு, பூங்காக்களையும் சாலைகளையும் தண்ணீர் தாங்கும்படி மாற்ற இறங்கிவிட்டார்கள். அந்தச் செலவின் பெரும்பகுதி தண்ணீர், கழிவுநீர்க் கட்டணத்திலிருந்து வருகிறது. கட்டணத்தை உயர்த்தினால் கட்டக்கூடிய மக்கள் அவர்கள். மானியம் யாருக்குத் தேவை என்பது அங்கேயே விளங்குகிறதே.

பணம் ஒதுக்கியபின் பறிபோவது தனிக் கதை. அமெரிக்காவில் ‘பிரிக்’ என்றொரு மானியத் திட்டம், பேரிடருக்கு முன்பே ஊர்களைப் பலப்படுத்த 2020இல் தொடங்கியது. இத்தகைய மத்திய மானியத்தில் போடும் ஒவ்வொரு டாலரும் பின்னால் வரக்கூடிய இழப்பில் ஆறு டாலரை மிச்சப்படுத்தும் என்று அங்குள்ள தேசியக் கட்டட அறிவியல் கழகம் முன்பே கணக்குப் போட்டுக் காட்டியிருந்தது. 2025 ஏப்ரலில் அந்த ‘பிரிக்’ திட்டத்தை நிறுத்துவதாக அறிவித்தார்கள். இருபது மாநிலங்கள் வழக்குப் போட்டன. வழக்கு எப்படிப் போனாலும் போகட்டும், ஆண்டுக்கணக்கில் வரைபடம் போட்டுக் காத்திருந்த பொறியாளர்களை நினைத்துத்தான் எனக்கு வயிறு எரிந்தது.

இவ்வளவு புலம்பியபின் உனக்கு ஒரு வேண்டுகோள். மதிப்பெண் போடுவதற்கு முன் ஒவ்வொரு விண்ணப்பதாரரிடமும், முந்தைய மானியத்தில் வாங்கியது இப்போது எப்படி இருக்கிறது என்று கேள். எங்களிடமே கால்வாய் மதகருகே ஒரு வெள்ள அளவுமானி நிற்கிறது. சூரியத் தகடு, உணர்கருவி, எல்லாம் மானியத்தில் வந்தவை. பேட்டரி செத்துப்போய் மூன்றாவது மழைக்காலம். மாற்றலாம் என்றால், பராமரிப்பு மானியத்தில் சேராது என்று தணிக்கையில் மடக்குகிறார்கள். பணத்தை முறையாகச் செலவழித்தோம் என்ற பயன்பாட்டுச் சான்றிதழ் மட்டும் அன்றைக்கே கொடுத்தாகிவிட்டது. இப்போது மதகுக் காவலர் தூணில் சுண்ணாம்பால் கோடு போட்டு வைத்திருக்கிறார். தண்ணீர் இரண்டாவது கோட்டைத் தொட்டால் எனக்குப் போன் செய்கிறார். இன்றுவரை அவர் தவறியதில்லை. அவருக்கு ஒரு டார்ச் விளக்கும் மழைக்கோட்டும் வாங்கித்தர எந்த மானியத் தலைப்பில் எழுதுவது என்று உன் குழுவில் கேட்டுச் சொல்.

திரும்பி வந்த விண்ணப்பத்தின் நகலை இத்துடன் வைத்திருக்கிறேன். பெயரை மறந்துவிட்டு, வேறெவனோ எழுதியதாக நினைத்து மதிப்பெண் போட்டு அனுப்பு. நாற்பதுக்குக் கீழே போட்டாலும் பரவாயில்லை, ஏன் என்று மட்டும் எழுது. அந்த ஒற்றை வரிக்காரர்கள் எழுதாததை நீயாவது எழுது. பதினோராம் கட்டத்துக்கு மட்டும் மதிப்பெண் வேண்டாம்.

கணக்குப்பிள்ளை வீட்டுக் கல்யாணத்துக்கு வருகிறாய்தானே? நெட்டையன் உன் பக்கத்தில்தான் உட்காருவேன் என்று இப்போதே துண்டு போட்டுவிட்டான். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? பதில் எழுது, போனில் கூப்பிட்டு இரண்டு நிமிடத்தில் தப்பித்துவிடாதே.

உன்,
கோணல் கோட்டுக்காரன்