14-வது வளைவு

கன்னங்குறிச்சி, சேலம்
ஆவணி மாதம், ஞாயிறு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முட்டி வலி இப்போது பரவாயில்லை. நாக்பூரில் மழை விட்டதா?

இதைப் போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நான் ஆரம்பிப்பதற்குள் நீ "சரிப்பா, அம்மாகிட்ட குடுங்க" என்கிறாய், நானும் கொடுத்துவிடுகிறேன். மே மாதத்திலிருந்து அப்படித்தான் போகிறது. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாக இருக்கும், முழுவதும் படித்துவிடு.

நம் பைக் ஓடுகிறது. இன்ஜினை நானே இறக்கி, பிரித்து, சேர்த்துவிட்டேன். அதைச் சொல்ல மட்டும் எழுதவில்லை. அன்றைக்கு உன்னை நான் சொன்ன வார்த்தை தப்பு. ஏற்காட்டு ரோட்டில் இன்ஜின் ஜாம் ஆனதற்குக் காரணம் நீ இல்லை, நான். எப்படித் தெரிந்தது என்று வரிசையாகச் சொல்கிறேன். வெறும் மன்னிப்பு கேட்டால், அப்பா மனசு கேட்காமல் சொல்கிறார் என்று நினைத்துக்கொள்வாய். அப்படி இல்லை. கண்ணால் பார்த்த பிறகுதான் சொல்கிறேன்.

டாடா ஏஸில் வண்டியை ஏற்றிக்கொண்டு வந்து நீ இறங்கியபோது நான் மனதில் ஒரு கணக்குப் போட்டுவிட்டேன். மே மாதம், மலர்க் கண்காட்சிக் கூட்டம், பஸ்ஸுக்குப் பின்னாலேயே ஃபர்ஸ்ட் கியரில் முறுக்கிக்கொண்டு போயிருக்கிறாள், காற்று படாமல் இன்ஜின் காய்ந்து பிடித்துக்கொண்டது. அவ்வளவுதான் என் கணக்கு. அத்தையும் மாமாவும் எதிர் வீட்டுக்காரர்களும் நிற்கும்போதே, "ஓட்டத் தெரியாதவ கையில வண்டியக் குடுத்தேன் பாரு" என்று கத்தினேன். மூக்கனேரிக் கரையில் அதே வண்டியில் உனக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தவன் நான். நீ ஒன்றும் பேசாமல் அன்று ராத்திரியே ரயில் ஏறினாய்.

வண்டி ஒரு மாதம் போர்டிகோவில் சும்மா நின்றது. மெக்கானிக்கைக் கூப்பிட்டால் "வயசான வண்டி, புது வண்டி வாங்கிக்கோங்க" என்பார் என்று தெரியும். 2001-ல் வாங்கியது. டேங்கில் இன்னும் ஹீரோ ஹோண்டா என்றுதான் இருக்கிறது. மில்லில் 31 வருஷம் ஃபிட்டராக இருந்தவன், 97 சிசி இன்ஜினுக்குப் பயப்படுவதா என்று ஆனி மாதம் கையை வைத்தேன்.

முதலில் ஆயிலை வடித்தேன். இங்கேதான் எனக்கு முதல் இடி. ஆயில் இருக்காது, நீ பார்க்காமல் ஓட்டியிருப்பாய் என்று நினைத்திருந்தேன். பழைய அளவுக் குவளையில் பிடித்தால் 850 மில்லி வந்தது. மாற்றும்போது நான் ஊற்றுவதே 900 மில்லிதான். கறுத்திருந்தது, வெளிச்சத்தில் பார்த்தால் அலுமினியத் தூள் மின்னியது. ஆனால் ஆயில் இருந்தது. நான் போட்ட கணக்கில் அப்போதே ஒரு ஓட்டை விழுந்துவிட்டது பாப்பா. ஆனாலும் அன்றைக்கு உனக்குப் போன் பண்ணவில்லை.

பிரிக்கும்போது மில்லில் செய்த மாதிரியே செய்தேன். ஒரு அட்டைப் பெட்டியைக் கிழித்து, அதில் கிளட்ச் கவர் படத்தை வரைந்து, போல்ட் இருக்கும் இடத்திலெல்லாம் ஓட்டை போட்டு, கழற்றிய போல்ட்டை அந்தந்த ஓட்டையில் சொருகி வைத்தேன். அந்தக் கவரில் போல்ட்டெல்லாம் ஒரே நீளம் கிடையாது. இடம் மாறிப் போட்டால் ஒன்று திரட்டில் நிற்காது, இன்னொன்று முட்டி இன்ஜின் கேஸ் விரிசல் விடும். அப்புறம் ஒவ்வொரு சாமானைக் கழற்றுவதற்கு முன்னும் போனில் ஒரு போட்டோ.

இன்ஜினின் மேல் பாகமான ஹெட்டைத் திறந்தால் உள்ளே வறண்டு கிடந்தது. எப்போதும் ஆயில் பூசி வழவழவென்று இருக்க வேண்டிய இடம். வால்வைத் திறக்க வைக்கும் கேமின் மூக்கில் கோடு கோடாகத் தேய்ந்து, சூட்டில் நீலம் ஓடியிருந்தது. அதன் மேல் உரசும் ராக்கரும் அப்படித்தான். கீழே முழு ஆயில், மேலே ஒரு சொட்டு இல்லை. அப்படியென்றால் நடுவில் எங்கோ அடைப்பு.

பிஸ்டன் ஓடும் பிளாக் சுலபமாக வரவில்லை. பிளக் ஓட்டை வழியாக ஆயில் விட்டு, இரண்டு நாள் ஊறவைத்து, மரச் சுத்தியால் மெதுவாகத் தட்டித் தட்டி எடுத்தேன். பிஸ்டன் பக்கவாட்டில் உருகி, அதன் அலுமினியம், பிளாக்கின் இரும்பு உள்சுவரான லைனர் மேல் ஈயம் பூசியது போல ஒட்டியிருந்தது. அலுமினியம் சூட்டில் இரும்பைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். பிஸ்டனுக்கும் லைனருக்கும் நடுவே இருப்பது ஒரு தலைமுடிகூடப் போகாத இடைவெளி, அதை ஆயில்தான் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது. ஆயில் வராவிட்டால் பிஸ்டன் விரிந்து சுவரைக் கவ்விவிடும். பின் சக்கரம் அந்த நொடியே நின்றுவிடும்.

அதைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தபோதுதான் எனக்கு அந்த இடம் புரிந்தது. 14-வது கொண்டை ஊசி வளைவில், முன்னால் பஸ், பின்னால் கார், ஒரு பக்கம் பள்ளம். பின் சக்கரம் இறுகியதும் நீ கிளட்சைப் பிடித்து ஓரம் கட்டியிருக்கிறாய். அம்மாவிடம் நீ சொன்னதை அம்மா அப்புறம் என்னிடம் சொன்னாள். ஓட்டத் தெரியாதவளுக்கு அந்தக் கை வராது. நல்ல ஓட்டுனர்களே அந்த நேரத்தில் பிரேக்கைப் பிடித்து விழுந்திருக்கிறார்கள். அன்று நீ வந்து இறங்கியதும் உனக்கு அடிபட்டதா என்று நான் கேட்கவே இல்லை. வண்டியைத்தான் பார்த்தேன்.

சரி, அடைப்பு விஷயத்துக்கு வருகிறேன். கிளட்ச் பக்கத்தில், கேஸுக்கு அடியில் ஒரு சின்னச் சல்லடை உண்டு. ஸ்டிரெய்னர் என்பார்கள். ஒரு தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரியது. ஆயில் பம்ப் இழுக்கும் ஆயில் எல்லாம் முதலில் இதன் வழியாகத்தான் போக வேண்டும். அதைக் காடியிலிருந்து உருவி எடுத்தேன். வலை தெரியவில்லை. அதன் மேல் சாம்பல் நிறத்தில், வேகவைத்த சேமியா மாதிரி, துண்டு துண்டாகச் சுருண்டு படிந்திருந்தது. நகத்தால் எடுத்து நசுக்கினேன். ரப்பர் போல இழுபட்டது.

சிலிகான் பேஸ்ட்.

தை மாதம் கிளட்ச் பிளேட் மாற்றினேனே, ஞாபகம் இருக்கிறதா? ஆயில் கசியாமல் கவருக்கு நடுவே வைக்கிற பேக்கிங் கிழிந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை, கடை இல்லை. மறுநாள் வரை பொறுக்காமல், கிழிந்த பேக்கிங்கையே வைத்து இரண்டு பக்கமும் பேஸ்ட்டைத் தாராளமாகப் பூசி முடுக்கினேன். வெளியே பிதுங்கியதைத் துணியால் துடைத்தேன். அதே அளவு உள்ளேயும் பிதுங்கியிருக்கும் இல்லையா? அது ஆயிலில் ஊறி, பிய்ந்து, நாலு மாதமாகச் சல்லடையில் போய்ச் சேர்ந்துகொண்டே இருந்திருக்கிறது. சமதரையில் கடைக்கும் கோயிலுக்கும் போய் வந்தவரை எப்படியோ ஓடிவிட்டது. மலை ஏறும்போது தாங்கவில்லை. ஆயில் சரியாகப் போகும் இன்ஜின் அந்த ஏற்றத்துக்கெல்லாம் சாகாது. மேலே தோட்டத்துக்காரர்கள் இதே மாதிரி வண்டியில்தான் காபி மூட்டையைக் கட்டிக்கொண்டு தினமும் போய் வருகிறார்கள்.

இன்னொன்றும் இருக்கிறது, அதையும் எழுதிவிடுகிறேன். மலைக்குப் போவதற்கு முதல் நாள் காலையில், நீ டிபன் சாப்பிட்டுக்கொண்டே சொன்னாய், "அப்பா, ஹெட்டுல டிக் டிக்னு ஒரு சத்தம் வருது, பாருங்க" என்று. நான் எழுந்துகூடப் பார்க்கவில்லை. பழைய வண்டி என்றால் அப்படித்தான் இருக்கும் என்றேன். ஆயில் இல்லாமல் ராக்கர் காய்ந்து அடிக்கிற சத்தம் அது. நீ சரியாகக் கேட்டிருக்கிறாய். அன்றைக்கு நான் கவரைத் திறந்திருந்தால் பத்து நிமிஷ வேலை.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அம்மாவிடம் சல்லடையைக் காட்டினேன். அவள் வாங்கிப் பார்த்துவிட்டு, "பாப்பாகிட்ட சொல்லிட்டீங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

சேர்த்த கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன், உனக்குப் பிடிக்கும். உள்ளே தூள் போயிருக்கிறது என்பதால் இன்ஜின் தண்டின் முனையில் சுற்றும் மேக்னட்டைப் புல்லர் போட்டு இழுத்து எடுத்து, கேஸையும் பிரித்து, எல்லாவற்றையும் மண்ணெண்ணெயில் கழுவினேன். கனெக்டிங் ராடைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பார்த்தேன். ஆட்டமே இல்லை, ராடின் கீழ் முனையான பிக் எண்ட் தப்பித்துவிட்டது. பக்கவாட்டில் கொஞ்சம் அசையும், அது இருக்க வேண்டியதுதான். கிளட்சுக்கு முன்னால் சுற்றுகிற வட்ட ஃபில்டரின் உள்சுவரில் கறுப்பாக மெழுகு போல அப்பியிருந்தது, சுரண்டி எடுத்தேன். ஆயில் சீல், பேக்கிங் செட், டைமிங் செயின், கேம், ராக்கர் எல்லாம் புதுசு. பேஸ்ட் டியூபைக் குப்பையில் போட்டுவிட்டேன்.

லைனரில் கோடு ஆழமாக இருந்ததால் 0.25 மில்லிமீட்டர் போதாது, 0.50 பெரிதான ஓவர்சைஸ் பிஸ்டனுக்குப் போக வேண்டும் என்றார் லேத்துக்காரர். போர், அதாவது பிஸ்டன் ஓடும் துளை, 50 மில்லிமீட்டரிலிருந்து 50.50 ஆகிறது. "பிஸ்டனைக் கையில குடுத்தாத்தான் போரிங் போடுவேன்" என்றார். அவரை எனக்குப் பிடித்துப்போனது. டப்பாவில் எழுதியிருப்பதை நம்பாமல், பிஸ்டனை மைக்ரோமீட்டரில் பிடித்துப் பார்த்து அதற்கேற்ற மாதிரி வெட்டுபவர்தான் வேலைக்காரர். அதற்குள் கோட்டை மாரியம்மன் ஆடிப் பண்டிகை வந்துவிட்டது. லேத் பையன்கள் எல்லோரும் வண்டி வேடிக்கை ஊர்வலம் பார்க்கப் போய்விட்டார்கள். ஒரு வாரம் போனது. நான் அவசரப்படுத்தவில்லை. தை மாதம் அவசரப்பட்டது போதும்.

பிஸ்டன் போட்ட அன்று அம்மாதான் துணை. ரிங்கை முதலில் தனியாகப் போருக்குள் விட்டு, வாய் இடைவெளியை ஃபீலர் கேஜில் பார்த்துக்கொண்டேன். கேஸ் வாயில் துணியை அடைத்துவிட்டுத்தான் பிஸ்டன் பின்னின் லாக்கைப் போட்டேன், அது உள்ளே விழுந்தால் மறுபடி எல்லாவற்றையும் பிரிக்க வேண்டும். பிஸ்டன் தலையில் ஐஎன் என்ற எழுத்து கார்புரேட்டர் பக்கம் இருக்க வேண்டும். மூன்று ரிங் வாயையும் ஒரே நேர்க்கோட்டில் விடாமல் சுற்றித் தள்ளி வைத்தேன். நான் பிளாக்கை மேலிருந்து இறக்க, அம்மா கட்டை விரல் நகத்தால் ஒவ்வொரு ரிங்காக அமுக்கிக் கொடுத்தாள். முறுக்கு பிழிகிற கை, நடுக்கமே இல்லை. மூன்றாவது ரிங் உள்ளே போகும்போது வந்த 'ளக்' சத்தம் இரண்டு பேருக்கும் கேட்டது.

பிஸ்டனும் கேமும் ஒத்துச் சுற்றுகிற டைமிங்கை மட்டும் நாலு தடவை பார்த்தேன். மேக்னட்டில் டி கோடு, மேலே கேம் சக்கரத்தில் வட்டக் குறி, இரண்டும் ஒரே நேரத்தில் அதனதன் காடிக்கு நேராக நிற்க வேண்டும். டென்ஷனரைப் போட்ட பிறகு கையாலேயே இரண்டு முழுச் சுற்று சுற்றி மறுபடியும் பார்த்தேன். ஹெட் நட்டுகளைக் குறுக்காக, மூன்று தவணையில் முடுக்கினேன்.

ஸ்டார்ட் செய்வதற்கு முன் பிளக்கைக் கழற்றிவிட்டு, ஹெட்டில் இருக்கும் டேப்பெட் மூடியைத் திறந்து வைத்து, கிக்கரை அழுத்திக்கொண்டே இருந்தேன். நாற்பதோ ஐம்பதோ தடவை. அம்மா டார்ச் அடித்துக்கொண்டு குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். "வந்துருச்சுங்க" என்றாள். ராக்கர் மேல் ஆயில் தேன் மாதிரி ஊறி வந்து வழிந்தது. மூன்று மாதமாக நான் பார்க்க நினைத்தது அதைத்தான். அப்புறம் பிளக்கைப் போட்டு இரண்டாவது கிக்கில் பிடித்துக்கொண்டது.

அத்தை மாமாவை ஞாயிற்றுக்கிழமை சாப்பிடக் கூப்பிட்டேன். எதிர் வீட்டுக்காரரையும் கூப்பிட்டேன். சல்லடையைக் கழுவாமல் அப்படியே வைத்திருந்தேன், புதுசு வாங்கித்தான் போட்டது. அதை அவர்கள் கையில் கொடுத்து, பேஸ்ட் கதையையும், நீ சத்தம் வருகிறது என்று சொன்னதையும், நான் கேட்காததையும் சொன்னேன். அத்தனை பேர் முன்னால் உன்னைச் சொன்னேன், அத்தனை பேர் முன்னால் அதைத் திரும்ப எடுக்க வேண்டும் இல்லையா? மாமா கொஞ்ச நேரம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அத்தை, "அந்தப் புள்ளைக்கு ஒண்ணும் ஆவலையே, அது போதும்" என்றாள். நான் மே மாதமே சொல்லியிருக்க வேண்டிய வார்த்தை.

என்னை மன்னித்துவிடு பாப்பா.

இப்போது 360 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. 40-க்கு மேல் போவதில்லை. காலையில் கோரிமேடு, அடிவாரம் வரைக்கும் போய்த் திரும்பிவிடுகிறேன். 500 ஆனதும் ஆயிலை மாற்றி, சல்லடையை மறுபடி திறந்து பார்ப்பேன். அதுவரைக்கும் மலை ஏற்ற மாட்டேன். தீபாவளிக்கு லீவு கிடைக்குமா என்று அம்மா கேட்கச் சொன்னாள். நானும்தான் கேட்கிறேன்.

உன் ஹெல்மெட்டின் கண்ணாடியில் ஒரு பக்கம் நீளமாகக் கீறல் இருப்பதை இப்போதுதான் பார்த்தேன். அன்று அந்த வளைவில் பட்டதா? முழங்கையில் ஏதாவது காயம் இருந்ததா? எனக்கு எழுது. கண்ணாடியை மாற்றி வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
அப்பா